ஏழு நாள் தொங்கிய மெமோ

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துவைப்புக்கூடத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, பகல் முழுவதும் உலர்த்தும் இயந்திரத்தின் அனலில் நின்றுவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் முதல் வணக்கம். மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாக அதிகாரி அவர்களே, உங்களுக்கு என் பேச்சின் கடைசியில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். தயவுசெய்து பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். வெல்டிங் பட்டறைக்காரர் அவர்களே, மூன்றாவது வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் வாசல் காவலர் அவர்களே, நாளை காலை ஆறு மணி வேலைக்குப் போக வேண்டும் என்று கதவோரமாக நிற்கும் தோழர்களே, ஈரத்துணி சுமந்து ஈரத்திலேயே ஊறிப்போன விரல்களை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே,

இந்த விழாவின் நாயகியான அக்கா அவர்களே,

அக்காவுக்குப் பக்கத்தில், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அக்காவின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் நாத்தனார் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சங்க அரங்குகளில் படத்திறப்பு விழா நடக்கும். நானும் பார்த்திருக்கிறேன். திரையை விலக்கினால் மீசை தெரியும், மாலை தெரியும், கைதட்டுவோம். இன்று தலைவர் திரையை விலக்கினார். மீசை இல்லை, முகம் இல்லை. ஒரே ஒரு தாள். மேலே ஆணி குத்திய துளை, கீழே ஊதா மையில் இரண்டு முத்திரை. அது ஒரு மெமோ. துவைப்புக்கூட அக்காவுக்குக் கொடுத்த தண்டனை மெமோ. தண்டனைத் தாளுக்குக் கண்ணாடி போட்டு, மரச்சட்டம் போட்டு, சுவரில் மாட்டி விழா எடுத்த சங்கம் உலகத்தில் வேறு உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. முன்பே இருந்ததா இல்லையா என்று தேடுவதுதான் என் தொழில். ஆகவே நான் சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

என் தொழில் என்ன என்று அங்கே ஒரு அம்மா பக்கத்தில் கேட்கிறார். சொல்கிறேன்.

நான் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர். ஒருவர் வருகிறார். "இதை நான் கண்டுபிடித்தேன். இருபது ஆண்டுகளுக்கு இதைச் செய்யும் உரிமை எனக்கு மட்டுமே வேண்டும், வேறு யார் செய்தாலும் தடுக்கும் அதிகாரம் வேண்டும்" என்று விண்ணப்பம் போடுகிறார். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? இவர் விண்ணப்பித்த நாளுக்கு முன்னால், உலகத்தின் எந்த மூலையிலாவது, யாராவது இதையே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா, காட்டியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். இருந்தால் உரிமை கிடையாது. ஊர் அறிந்த ஒன்றுக்கு ஒருவர் வேலி போடக்கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

சட்டம் இவ்வளவுதான். வேலை இவ்வளவு இல்லை.

எங்கள் அறையில் பதினான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் மூன்று தட்டுகள். தேடிக் கிடைத்த பழைய ஆவணங்களை அந்த மூன்றில் பிரித்துப் போட வேண்டும். அலுவலகக் காகிதத்தில் அவற்றுக்கு ஒற்றை எழுத்துப் பெயர்கள் இருக்கின்றன. எங்களுக்குள் வேறு பெயர் வைத்திருக்கிறோம். முதல் தட்டுக்குத் 'தனியாள்' என்று பெயர். அந்த ஒரு ஆவணம் போதும், ஒற்றை ஆளாக நின்று விண்ணப்பத்தைச் சாய்த்துவிடும். இரண்டாவது தட்டு 'கூட்டாளி'. தனியாகப் பலமில்லை, இன்னொன்றோடு தோள் சேர்ந்தால் சாய்க்கும். மூன்றாவது தட்டு 'வேடிக்கை'. அதே தெருதான், ஆனால் சண்டையில் சம்பந்தமில்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

இந்த மெமோவை நான் முதலில் எந்தத் தட்டில் போட்டேன் தெரியுமா?

வேடிக்கைத் தட்டில்.

கோபப்படுங்கள், பரவாயில்லை. அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். இந்தக் கதையில் தப்பு செய்த ஆட்களில் நானும் ஒருத்தி. மேடையேறிப் பாராட்டிவிட்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

கதை இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்தது. மருத்துவமனையின் கீழ்த்தளம். சன்னல் இல்லாத கூடம். நான்கு துவைப்பு இயந்திரங்கள், இரண்டு உலர்த்தும் இயந்திரங்கள், எந்நேரமும் ஈரமான தரை. துவைத்த விரிப்புகளை இடுப்புயரத் தகரப் பெட்டி வண்டியில் போட்டு உலர்த்தும் இடத்துக்குத் தள்ளிப்போக வேண்டும். போடுவது சுலபம். எடுப்பதுதான் கொடுமை. மேலே இருக்கும் பத்து விரிப்பு வரை கை எட்டும். அதற்குக் கீழே போகப் போக உடம்பை மடித்து, தலையைப் பெட்டிக்குள் விட்டு, ஈரத்தில் கனத்த துணியை இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் இடுப்புக்குத் தெரியும்.

அப்படி இழுத்த ஒரு நாளில் நாத்தனாரின் முதுகுத்தண்டில் தட்டு விலகியது. அதே மருத்துவமனையின் மேல் மாடியில் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் "இனிமேல் குனியாதே" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு கீழ்த்தளத்துக்கு வந்தார். மேற்பார்வையாளர் "குனிய முடியாவிட்டால் வராதே" என்றார். மேல் மாடி ஒன்று சொல்கிறது, கீழ்த்தளம் இன்னொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே கட்டடம், ஒரே நிர்வாகம், ஒரே லிஃப்ட். அந்த லிஃப்டும் நோயாளிகளுக்கு மட்டும்.

நாத்தனாருக்கு இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்தார், முனகினார், குனிந்தார், முனகினார். எதிர் இயந்திரத்தில் நின்ற அண்ணி, அதாவது நம் அக்கா, பார்த்துக்கொண்டிருந்தார்.

பாசத்தினால்தானே செய்தீர்கள் என்று இன்று தேநீர் குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன். அக்கா சிரித்தார். பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது. "பாசமாவது ஒண்ணாவது. என் முனகல் தாங்க முடியாம செஞ்சாங்க. அண்ணிக்கு வேலை செய்யறப்ப சத்தம் ஆகாது."

நாத்தனார் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். மருத்துவர் குனிய வேண்டாம் என்றிருக்கிறார்.

அக்கா என்ன செய்தார்? கொல்லைப்புறத்தில் உடைந்த இரும்புக் கட்டில்கள் குவிந்து கிடந்தன. கட்டிலின் கம்பி வலையைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்க ஓரங்களில் சின்னச் சின்ன ஸ்பிரிங் இருக்குமே, அவற்றைக் கழற்றினார். ஆறு ஆறாகக் கோத்தார். வண்டியின் உள்விளிம்பில் நான்கு மூலையிலும் தொங்கவிட்டார். நான்கின் நுனியிலும் ஒரு பழைய அலமாரிப் பலகையை மாட்டினார். முடிந்தது. துணியைப் போட்டால் கனத்தில் பலகை இறங்கும். துணியை எடுத்தால் பலகை ஏறும். மேல்துணி எப்போதும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். கிணற்றுக்குள் ஆளை இறக்காமல் தண்ணீரை மேலே வரச் செய்தது போல.

நாத்தனார் நிமிர்ந்து நின்று வேலை செய்தார். எத்தனை நாள்? பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது.

வண்டியைப் பிரித்துப் போட்டார்கள். பலகை அலமாரிக்கும் போகவில்லை, குப்பைக்குப் போனது. அக்காவுக்கு மெமோ வந்தது. உங்கள் மருத்துவமனையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தண்டனை மெமோவை ஏழு நாள் வெளிவாசல் பலகையில் ஆணி குத்தி ஒட்டுவார்கள். எதற்கு? மற்றவர்களுக்குப் பாடமாம். பார்வை நேர அறிவிப்புக்கும் கொசு ஒழிப்பு அறிவிப்புக்கும் நடுவில், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கும்படி, ஒரு தொழிலாளியின் குற்றம். ஒட்டிய நாள் ஒரு முத்திரை. கழற்றிய நாள் ஒரு முத்திரை. ஏழு நாளும் அக்கா அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். வேறு வாசல் மருத்துவர்களின் காருக்கு மட்டும்.

இது முதல் பகுதி. எட்டு மாதம் கழித்து, துவைப்பு இயந்திரங்கள் செய்யும் ஒரு பெரிய நிறுவனம் என் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டது. 'சுமைக்கேற்பத் தானே உயரும் தட்டுடைய துணிவண்டி.' வழவழப்பான காகிதம், கோடு பிசகாத படங்கள், நாற்பத்தாறு பக்கம்.

திருடினார்களா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை மேடையில் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி என் மேசைக்கு வருவதுமில்லை. ஒருவர் தாமாகவே கண்டுபிடித்திருக்கலாம். வலித்த முதுகு உலகத்தில் ஒன்றா இரண்டா? முன்பே இருந்ததா, வெளிப்படையாக இருந்ததா, இதுதான் என் கேள்வி.

விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் கழித்து இங்கே பழைய தகரப் பெட்டிகள் துருப்பிடித்து ஓட்டையாயின. கிடங்கு அதிகாரி வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்துப் புதிய வண்டிகள் செய்யச் சொன்னார். அவர் செய்து கொண்டுவந்த ஒன்பது வண்டியிலும் மூலைக்கு மூலை ஸ்பிரிங் தொங்கியது, பலகை ஏறி இறங்கியது. மெமோவை எல்லோரும் மறந்திருந்தார்கள். இடுப்பு மறக்கவில்லை. நாத்தனார் மறுபடி நிமிர்ந்தார்.

அதைக் கேள்விப்பட்ட நிறுவனம் மருத்துவமனைக்கும் பட்டறைக்கும் கடிதம் அனுப்பியது. "காப்புரிமை எங்கள் கைக்கு வரப்போகிறது. வந்ததும் ஒன்பது வண்டிகளையும் ஒப்படைக்க வேண்டும்" என்று. மருத்துவமனை பயந்தது. உரிமை கிடைத்துவிட்டால் ஒன்பதையும் ஓரங்கட்டிவிட்டுப் பழைய மாதிரி ஆழப் பெட்டிக்கே போவது என்று முடிவெடுத்தது. ஆழப் பெட்டி வந்தால் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். இதுதான் பந்தயம். நாற்பத்தாறு பக்கத்துக்கும் ஒரு பெண்ணின் முதுகுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

வெளியிடப்பட்ட விண்ணப்பத்தை எதிர்த்து யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். துவைப்புக்கூடத்திலிருந்து ஒரு உறை வந்தது. அழுக்குத் துணி மூட்டையில் கட்டும் மஞ்சள் சீட்டுகளின் பின்புறத்தில் எழுதிய கடிதம், ஏழு சீட்டு, பின் குத்தியிருந்தது. அதோடு இந்த மெமோ. ஒன்பது வண்டிகளும் விண்ணப்பத்துக்குப் பிந்தியவை, எங்கள் சட்டத்தில் செல்லாது. முந்திய ஒரே வண்டியைப் பிரித்துப் போட்டாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சி இந்தத் தாள்.

நான் தாளை எடுத்தேன். தலைப்பைப் படித்தேன். 'பொருள்: மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்தியது.' என் முதற்கட்ட அறிக்கையில் எழுதினேன்: "இணைக்கப்பட்ட ஆவணம் ஒரு பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றியது. கண்டுபிடிப்பு எதையும் விவரிக்கவில்லை. தொடர்பற்றது."

தொடர்பற்றது. எத்தனை சுலபமாக எழுதிவிட்டேன். மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? அன்று இன்னும் ஐந்து கோப்புகள் முடிக்க வேண்டியிருந்தது என்று சமாதானம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட கந்தல் துண்டாக இருந்திருந்தால் மூன்று மணி நேரம் படித்திருப்பேன். மெமோ வாங்கிய துவைப்புக்காரி என்றதும் மூன்று நிமிடம். இதற்கு என்ன பெயர்? வேலைப்பளு என்றா பெயர்?

விசாரணை நாள் வந்தது. ஒரு பக்கம் நிறுவனத்தின் காப்புரிமை முகவர், உதவியாளர், இரண்டு தோல்பை. மறுபக்கம் அக்கா, நாத்தனார், பட்டறைக்காரர், ஒரு துணிப்பை. நாத்தனார் பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து, "ஏம்மா, காலையிலேருந்து பேசறீங்களே, டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார். நான் மறுத்தேன். மறுக்க வேண்டும், அது விதி. அவர் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேல்முறையீட்டுக் காலமெல்லாம் முடிந்து, கோப்பு மூடப்பட்டு, இன்றுதான் அந்தத் தேநீரைக் குடித்தேன். இரண்டு கோப்பை குடித்தேன். ஒன்று பாக்கிக்கு.

முகவர் நல்ல பேச்சாளர். இது சேதம் பற்றிய தாள், கண்டுபிடிப்பு பற்றியதல்ல; ஆய்வாளரே அப்படித்தானே எழுதியிருக்கிறார் என்று என் வாக்கியத்தையே எனக்கு வாசித்துக் காட்டினார். நான் தலையாட்டினேன். அப்போது நாத்தனார் கையைத் தூக்கினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தத் தலைப்பை எழுதினது நாங்க இல்லை. எங்களைத் திட்டினவங்க எழுதினது. அதைக் கையால மூடிட்டு, கீழே இருக்கறதை மட்டும் படிங்களேன்."

ஒரு ஆய்வாளரிடம் அப்படிச் சொல்வது முறையா என்று முகவர் ஆரம்பித்தார். நான் தலைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பதிவுக்காக உரக்கப் படித்தேன். இதோ சுவரில் இருக்கிறது, நீங்களும் கேளுங்கள்.

"தாங்கள் ஈரத்துணி வண்டியின் உள்விளிம்பில் நான்கு மூலைகளிலும் கட்டில் ஸ்பிரிங்குகளை மூலைக்கு ஆறாகக் கோத்துத் தொங்கவிட்டு, அவற்றில் அலமாரிப் பலகையொன்றை மாட்டி, துணிகள் வண்டியின் அடியில் தங்காதவாறும், எடுக்க எடுக்க மேலெழும்பி வருமாறும் செய்துள்ளீர்கள். நேரில் சோதித்தபோது, இருபது விரிப்புகளை எடுத்த பின்னரும் மேல்துணி விளிம்பிலிருந்து நான்கு விரற்கடைக்குக் கீழே இறங்கவில்லை. இதனால் வண்டியின் கொள்ளளவு குறைந்துள்ளது."

தோழர்களே, படித்துக்கொண்டே அந்த நாற்பத்தாறு பக்கத்தை மறுகையால் புரட்டினேன். நிறுவனத்தின் விண்ணப்பத்தில் 'இது எங்களுடையது' என்று வேலி போடும் ஒரு பத்தி உண்டு. உரிமைக்கோரல் என்போம். சக்கரம் வைத்த பெட்டி, மெமோவில் இருக்கிறது. உள்ளே ஏறி இறங்கும் தட்டு, இருக்கிறது. அதைத் தாங்கும் மீள்விசை உறுப்பு, அதாவது ஸ்பிரிங், இருக்கிறது. சுமை குறையும்போது தட்டு உயர்ந்து மேல்துணி ஒரே உயரத்தில் நிற்பது. அளந்து வேறு எழுதியிருக்கிறார்கள். குற்றத்தைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் அந்த மேற்பார்வையாளர் எண்ணியிருக்கிறார், அளந்திருக்கிறார், சோதித்திருக்கிறார். எந்த விஞ்ஞானியும் அவ்வளவு அக்கறையாகக் குறிப்பெடுத்திருக்க மாட்டார். அவருக்கும் இந்த மேடையில் ஒரு பொன்னாடை போடலாம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முகவர் விடவில்லை. எங்கள் ஸ்பிரிங் கீழிருந்து தள்ளுகிறது, இவர்களுடையது மேலிருந்து இழுக்கிறது, இரண்டும் வேறு என்றார். அப்போதுதான் அக்கா முதல் முறையாகப் பேசினார். குரல் உயரவில்லை.

"வேற வண்டின்னா எங்க வண்டியை எதுக்கு எடுக்க வர்றீங்க, சார்? அதே வண்டின்னா, நாங்கதானே முன்னாடி?"

காப்புரிமைச் சட்டத்தை நான் மூன்று வருடம் படித்தேன். தேர்வு எழுதினேன், பயிற்சி எடுத்தேன். மொத்தத்தையும் அக்கா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஆசைப்பட்டு வேலியை அகலமாகப் போட்டால், அடுத்தவர் வெட்டிய கிணறும் உள்ளே வந்து விழும். அது விழுந்துவிட்டால், அந்தக் கிணறு யாருடையது என்று கேட்பார்கள் அல்லவா?

முகவரிடம் கடைசியாக ஒரு வாதம் இருந்தது. வலுவான வாதம். ஒரு பழைய ஆவணம் தனியாளாக நிற்க வேண்டுமானால், அதைப் படித்த ஒரு தொழில் தெரிந்தவர், கண்டுபிடித்தவரிடம் போய்க் கேட்காமல், அதை வைத்தே அந்தப் பொருளைச் செய்ய முடிய வேண்டும். "இந்த மெமோவைப் படித்துவிட்டு யார் வண்டி செய்வார்கள்? அதுவும் வாசலில் தொங்கும் மெமோவை யார் நின்று படிப்பார்கள்?" என்றார்.

பட்டறைக்காரர் செருமினார். "நான் படிச்சேன்" என்றார்.

எல்லோரும் திரும்பினோம்.

"மாமனாருக்கு ஆபரேஷன். நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க, நான் மூணு மணிக்கே போயிட்டேன். வாட்ச்மேன் வாயே திறக்கலை. ஒரு மணி நேரம் என்ன பண்றது? போர்டுல கொசுவைப் பத்தி ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் இதைப் படிச்சேன். ஒரு அம்மா தப்பு பண்ணிட்டாங்கன்னு போட்டிருந்தது. படிச்சா எனக்கு அது தப்பாவே தெரியலை. நல்ல வேலையா தெரிஞ்சுது. மனசுலயே இருந்துச்சு. பின்னாடி ஒன்பது வண்டி கேட்டாங்கல்ல, அந்த மெமோவுல இருந்தபடியேதான் செஞ்சேன்."

அக்காவிடம் கேட்டீர்களா என்றேன். வண்டிகளை இறக்கிய அன்றுதான் முதன்முதலாக அக்காவைத் தேடினாராம். "அந்த மெமோ வாங்கினவங்க யாரு?" என்று அவர் கூடத்துக்குள் விசாரித்ததும், இன்னொரு மெமோ வந்துவிட்டது என்று பயந்து அக்கா உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தது நாத்தனார். இதை ஏன் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையேம்மா" என்றார் நாத்தனார்.

கேட்கவில்லை. உண்மை. நாங்கள் யாருமே கேட்கவில்லை.

எதற்காக அந்தத் தாளை வாசலில் ஒட்டினார்கள்? ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஊர் பார்த்தது. அவமானப்படுத்துவதற்காக ஒட்டினார்கள், அதுவே பகிரங்கமானது. தண்டனைக்காக முத்திரை குத்தினார்கள். அதுவே நாளுக்குச் சான்றானது. குற்றம் என்று விவரித்தார்கள். அதைப் படித்து ஒரு கைத்தொழிலாளி ஒன்பது வண்டி செய்தார். பகிரங்கம் இருக்கிறது, நாள் இருக்கிறது, விவரம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? அன்று மாலை, என் மேசையில், வேடிக்கைத் தட்டில் கிடந்த அந்தத் தாளை எடுத்தேன். தனியாள் தட்டில் வைத்தேன். ஒற்றைத் தாள். நாற்பத்தாறு பக்கத்துக்கு எதிரே ஒற்றைத் தாள். சாய்த்தது.

முழுவதையும் நிராகரித்தேனா? இல்லை. அவர்களுடைய வண்டியில் காலால் மிதித்து நிறுத்தும் ஒரு தடை இருந்தது. தேடிப் பார்த்தேன், முன்பு எங்கும் இல்லை. அதற்கு உரிமை கொடுத்தேன். முணுமுணுக்காதீர்கள். புதியதைப் புதியது என்று சொல்லாதவளுக்கு, பழையதைப் பழையது என்று சொல்லவும் வாய் கிடையாது. மிதிதடை அவர்களுடையது. ஏறும் பலகை ஊருடையது. ஒன்பது வண்டியும் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. நாத்தனார் நேற்றும் நிமிர்ந்து நின்று வேலை செய்தார். இன்று காலையும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தத் தாள் வந்தாலும் முதலில் தலைப்பைக் கையால் மூடுகிறேன். புகார் என்றிருக்கும், கழிவு என்றிருக்கும், விதிமீறல் என்றிருக்கும். மூடிவிட்டு, உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று படிக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் கேலி செய்தார். இப்போது அவரும் மூடுகிறார். தோழர்களே, தாளுக்கு மட்டுமா தலைப்பு போடுகிறோம்? மனிதர்களுக்கும் தலைப்பு போட்டுத்தானே வைத்திருக்கிறோம்? துவைப்புக்காரி, கடைநிலை, தற்காலிகம், படிக்காதவர், தொடர்பற்றவர். யார் எழுதிய தலைப்பு அது? செய்தவர் எழுதியதா, திட்டியவர் எழுதியதா? ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்தத் தலைப்பை உள்ளங்கையால் மூடிவிட்டுக் கீழே படித்தால், எத்தனை கட்டடங்களின் கீழ்த்தளத்தில் எத்தனை கண்டுபிடிப்பு ஈரத்தோடு நின்றுகொண்டிருக்கும்?

நிர்வாக அதிகாரி அவர்களே, இப்போது உங்கள் வேலை.

அந்த மெமோவில் இருப்பது உங்கள் கையெழுத்து அல்ல, உங்களுக்கு முன்னால் இருந்தவருடையது. ஆனால் நாற்காலி அதே நாற்காலி. என் அலுவலகம் இதை முந்திய கண்டுபிடிப்பு என்று ஏற்றுக்கொண்டு ஒரு வருடமாகிறது. உங்கள் கோப்பில் அக்கா இன்னும் குற்றவாளி. அந்தத் தண்டனையை ரத்து செய்யுங்கள் என்று கேட்கத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன். தேநீர் குடிக்கும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே வேண்டாம் என்று தலையசைத்தார். "அதை ரத்து பண்ணிடாதீங்கம்மா. நாளைக்கு எவனாவது வந்து அப்படி ஒரு மெமோவே இல்லைன்னுடுவான். அது இருக்கட்டும். பக்கத்துல இன்னொண்ணு ஒட்டச் சொல்லுங்க."

கேட்டீர்களா? மெமோ சாட்சியாக இருப்பதால், தண்டனையையும் நானே சுமந்துகொள்கிறேன் என்கிறார். ஒன்பது வண்டியும் நிற்க வேண்டும் என்பதற்காக, நாத்தனார் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக. பாசமாவது ஒன்றாவது என்றீர்களே, இதற்கு என்ன பெயர் வைப்பது, நாத்தனார் அவர்களே? அழாதீர்கள். சரி, அழுங்கள்.

சங்கத்தார் ஒரு தாள் எழுதி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தலைப்பு கிடையாது, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இரண்டே வரி: "இந்த மருத்துவமனையின் ஈரத்துணி வண்டியில் ஏறும் பலகையை முதலில் செய்தவர் இந்தத் துவைப்புக்கூடத் தொழிலாளி. அதைச் சேதம் என்று எழுதியது நிர்வாகத்தின் பிழை." கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அதே வெளிவாசல், அதே பலகை, கொசு அறிவிப்புக்குப் பக்கத்தில்.

ஐயா தாளை வாங்கிக்கொள்கிறார். படிக்கிறார். மறுபடி படிக்கிறார். அவசரமில்லை ஐயா, மூன்று நிமிடத்தில் முடிவெடுத்து நான் பட்டது போதும்.

பேனா கேட்கிறார். தலைவர் அவர்களே, உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

போட்டுவிட்டார்.

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், வாசல் காவலர் எழுந்து ஏதோ கேட்கிறார். முத்திரைக் கட்டையைக் கொண்டுவந்திருக்கிறாராம். ஒட்டும் நாள் இன்றைய தேதி, கழற்றும் நாளுக்கு எந்தத் தேதி குத்துவது என்று கேட்கிறார். அன்று பட்டறைக்காரரிடம் வாயே திறக்காதவர் இன்று சரியான கேள்வி கேட்டிருக்கிறார். முன்வரிசையிலிருந்து நாத்தனார் பதில் சொல்கிறார், மைக் இல்லாமலே எனக்குக் கேட்கிறது. உங்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன்:

"அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

என் பிழையைச் சொல்ல மேடை கொடுத்த சங்கத்துக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நான் மறுத்த தேநீரை ஒரு வருடம் நினைவு வைத்திருந்து இன்று ஊற்றிக் கொடுத்த கைக்கும் என் நன்றி. காலை ஆறு மணி வேலைக்குப் போகிறவர்கள் நிமிர்ந்து போங்கள், நிமிர்ந்தே திரும்பி வாருங்கள். எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.